பள்ளியைத் தேர்ந்தெடுப்பது யார்?

2025-ஆம் ஆண்டு மே மாதம். வழக்கமாக அந்த வெயிலில் தமிழகத்தின் இ-சேவை மையங்களில் கூட்டம் நெரியும். பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு அம்மாக்கள் வருவார்கள். கேட்டால், “ஆர்டிஇ சீட் போடணும்” என்பார்கள். தனியார் பள்ளியில் எல்கேஜி வகுப்பில் கட்டணமில்லாத இடத்துக்கான விண்ணப்பம் அது. அந்த மே மாதம் வந்தவர்களை மையத்துக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். “இன்னும் சைட் ஓப்பன் ஆகலம்மா, அடுத்த வாரம் வாங்க.” அடுத்த வாரமும் திறக்கவில்லை. ஜூன் பிறந்து, பள்ளிகள் திறந்து, பிள்ளைகள் புதுச் சீருடையில் வேன் ஏறிப் போன பிறகும் திறக்கவில்லை.

காரணம் அந்த அம்மாக்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. பிஎம்ஸ்ரீ பள்ளிகள் திட்டத்திலும், அதன் வழியே தேசியக் கல்விக் கொள்கையிலும் சேர மறுத்த தமிழக அரசுக்கு, சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் 2024-25-ஆம் ஆண்டுக்குத் தர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்திருந்தது. இலவச இடங்களுக்காகத் தனியார் பள்ளிகளுக்குக் கொடுக்கும் பணமும் அந்த நிதிக்குள்தான் வருகிறது. பணம் வராமல் சேர்க்கை நடத்த முடியாது என்று மாநில அரசு நின்றது. கல்வி உரிமைச் சட்டத்துக்கான பங்கை மற்ற நிபந்தனைகளோடு முடிச்சுப் போடக் கூடாது என்று ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நிதியில் ஒரு பகுதி வந்து, சேர்க்கை வேலை தொடங்கியபோது அக்டோபர் ஆகிவிட்டது. காலாண்டுத் தேர்வே முடிந்திருந்தது. அப்போது புதிதாகப் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. அந்தப் பள்ளிகளில் ஏற்கெனவே பணம் கட்டிச் சேர்ந்திருந்த பிள்ளைகளிலிருந்து தகுதியானவர்களை எடுத்து, அவர்கள் கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தரச் சொன்னார்கள்.

ஜூனில் பணம் புரட்ட முடிந்தவருக்கு அக்டோபரில் இலவசம். ஜூனில் புரட்ட முடியாதவர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. இரண்டு அரசுகளும் தத்தம் கொள்கையில் உறுதியாக நின்றதன் விலையை மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் கொடுத்தார்கள். இதை எந்தக் கட்சிக்காரர் எப்படி நியாயப்படுத்தினாலும் எனக்கு ஏற்க முடியவில்லை.

பெற்றோருக்குத் தங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டுமா, அதற்கு அரசு பணம் கொடுக்க வேண்டுமா என்ற விவாதம் உலகம் முழுக்க எழுபது ஆண்டுகளாக நடக்கிறது. நம் ஊரில் அதன் வடிவம்தான் தனியார் பள்ளிகளில் ஒதுக்கப்படும் இந்த 25 சதவீத இலவச இடங்கள். வேண்டும் என்பவர்கள் உரிமையைப் பற்றிப் பேசுகிறார்கள். வேண்டாம் என்பவர்கள் அரசுப் பள்ளியின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் இருவருமே அதிகம் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: தேர்வு நடக்கும் அந்த நேரத்தில், உண்மையில் தேர்ந்தெடுப்பது யார்? பெற்றோரா, பள்ளியா?

சட்டம் சொன்னது

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12(1)(சி) பிரிவு, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்கிறது. அரசு தன் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் செலவிடும் தொகை, அந்தத் தனியார் பள்ளியின் கட்டணம் இரண்டில் எது குறைவோ அதைப் பள்ளிக்குக் கொடுக்கும். தனியார் பள்ளிகள் வழக்குப் போட்டன. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. 2014-இல் வந்த இன்னொரு தீர்ப்பு அந்த விலக்கை மேலும் அகலப்படுத்தியது. தமிழகத்தில் இந்த இடங்கள் 2013-14-ஆம் கல்வியாண்டு முதல் நிரப்பப்படுகின்றன. சமீப ஆண்டுகளில் எட்டாயிரத்துக்கு நெருக்கமான பள்ளிகளில் 80,000-க்கும் மேற்பட்ட இடங்கள். விண்ணப்பங்களோ ஒன்றரை லட்சத்தைத் தாண்டுகின்றன.

இந்தக் கூட்டத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்கள் சாதிச் சான்றிதழைக் கொண்டே விண்ணப்பிக்கலாம். மற்றவர்களுக்குத்தான் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு. சொந்த வீடும் காரும் உள்ள குடும்பமும், கட்டட வேலைக்குப் போகும் குடும்பமும் ஒரே வரிசையில் நிற்கின்றன. எந்தத் தேதியில் இணையதளம் திறக்கும், எந்தத் தாசில்தார் அலுவலகத்தில் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று தெரிந்தவருக்கு அந்த வரிசை சுலபம். தெரியாதவர் கடைசித் தேதிக்கு மறுநாள் வந்து நிற்கிறார்.

பணத்தைப் பெற்றோர் கையில் கொடு

இந்த யோசனையின் வேரைத் தேடினால் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் பிரீட்மனிடம் போய் நிற்போம். 1955-இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் சொன்னது இதுதான்: கல்விக்கு அரசு பணம் கொடுக்கட்டும், ஆனால் பள்ளியை அரசே நடத்த வேண்டியதில்லை. பணத்தை ‘வவுச்சர்’ என்ற சீட்டாகப் பெற்றோரிடம் கொடுத்துவிட்டால் அவர்கள் நல்ல பள்ளியைத் தேடிப் போவார்கள். மோசமான பள்ளி திருந்தும், இல்லாவிட்டால் மூடிக்கொள்ளும். கேட்க எளிமையாக, நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தக் கட்டுரை வருவதற்கு முந்தைய ஆண்டுதான் பள்ளிகளில் நிறவெறிப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. தென் மாநிலங்கள் இந்தச் சீட்டைப் பிரிவினைக்குப் பயன்படுத்தக்கூடும் என்பது பிரீட்மனுக்கும் தெரியும். கட்டுரையின் அடிக்குறிப்பிலேயே அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்படியே நடந்தது. வர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம், கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்ப்பதைவிட மூடுவதே மேல் என்று 1959-இல் தன் அரசுப் பள்ளிகள் அத்தனையையும் பூட்டியது. வெள்ளையினப் பிள்ளைகள் உதவித்தொகையோடு தனியார் பள்ளிக்குப் போனார்கள். கறுப்பினப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு 1964 வரை பள்ளியே இல்லை. ஐந்து ஆண்டுகள்.

அதே யோசனையை எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டவர் ஒரு கறுப்பினப் பெண். விஸ்கான்சின் சட்டமன்றத்தில் ஜனநாயகக் கட்சி உறுப்பினராக இருந்த போலி வில்லியம்ஸ். மில்வாக்கி நகரத்துக் கறுப்பினப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றித் தொலைதூரப் பள்ளிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்; வீட்டுக்கு அருகில் கௌரவமான பள்ளி இல்லை. குடியரசுக் கட்சி ஆளுநரோடு கைகோத்து, 1990-இல் ஏழைக் குடும்பங்களுக்கு மட்டுமான வவுச்சர் திட்டத்தை அவர் கொண்டுவந்தார். முதல் ஆண்டில் ஏழே பள்ளிகள், சில நூறு பிள்ளைகள். பிறகு திட்டம் வளர்ந்தது. மதப் பள்ளிகள் உள்ளே வந்தன. வருமான வரம்பு உயர்ந்தது. ஏழைக்கென்று கொண்டுவந்ததை வசதி படைத்தவர்களுக்கு நீட்டுவதை வில்லியம்ஸ் கடைசிவரை வெளிப்படையாக எதிர்த்தார். 2014-இல் அவர் இறந்தார். 2022-இல் அரிசோனா மாநிலம் எந்த வருமான வரம்பும் இல்லாமல் எல்லாக் குடும்பங்களுக்கும் கல்விப் பணத்தை அள்ளிக் கொடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஏற்கெனவே தனியார் பள்ளியில் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கும் இப்போது அரசுப் பணம் உண்டு.

ஒரே கருவி வர்ஜீனியாவில் கறுப்பினப் பிள்ளைகளை வெளியே தள்ளியது, மில்வாக்கியில் அவர்களுக்குக் கதவு திறந்தது. அதனால்தான் ‘வவுச்சர் நல்லதா கெட்டதா’ என்று மொட்டையாகக் கேட்பதில் பயனில்லை என்கிறேன். கதவுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

சிலி கற்ற பாடம்

பிரீட்மனின் யோசனையை ஒரு நாடு முழுக்கச் செய்து பார்த்த இடம் சிலி. 1981, பினோசெட்டின் ராணுவ ஆட்சிக் காலம். அரசுப் பள்ளிகள் நகராட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. எந்தப் பள்ளியில் எத்தனை பிள்ளைகளோ அதற்கேற்ப அரசுப் பணம். லாபத்துக்காக நடத்தும் தனியார் பள்ளிகளுக்கும் அதே பணம். அதற்கு முன் ஐந்தில் நான்கு பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படித்தார்கள். முப்பது ஆண்டுகளில் அது நாற்பது சதவீதத்துக்கும் கீழே போனது.

தரம் உயர்ந்ததா? சாங்-தாய் ஷிய், மிகேல் உர்கியோலா என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, தேர்வுரிமையால் நாட்டின் சராசரிக் கல்வித் தரம் உயர்ந்ததற்குச் சான்று இல்லை என்றது. நடந்தது வேறு. நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகள் அரசுப் பள்ளியை விட்டுக் கிளம்பினார்கள். ஏழைப் பிள்ளைகள் மிஞ்சினார்கள். பள்ளி நன்றாக இருப்பதாகக் காட்ட, நன்றாகக் கற்பிப்பதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது: நன்றாகப் படிக்கக்கூடிய பிள்ளையை மட்டும் சேர்த்துக்கொள்வது. சிலியின் பள்ளிகள் அந்த வழியில் போயின. பிள்ளைகளுக்கு நுழைவுத் தேர்வு, பெற்றோருக்கு நேர்காணல். 1993-க்குப் பிறகு அரசுப் பணத்துக்கு மேல் பெற்றோரிடமும் கட்டணம் வாங்கிக்கொள்ள வசதி செய்து கொடுத்தார்கள். கட்டணமே இன்னொரு வடிகட்டியானது.

2006-இல் பள்ளி மாணவர்களே தெருவுக்கு வந்தார்கள். கறுப்பு வெள்ளைச் சீருடையைப் பார்த்து ‘பென்குயின்கள்’ என்று நாடு அவர்களை அழைத்தது. 2011-இல் கல்லூரி மாணவர்கள் அதைவிடப் பெரிய போராட்டத்தை நடத்தினார்கள். அப்போது மாணவர் தலைவர்களில் ஒருவராக இருந்த காப்ரியேல் போரிக் 2022-இல் நாட்டின் அதிபரானார். இடையில் 2015-இல் அதிபர் மிஷெல் பாச்சலெட் ஆட்சியில் ஒரு சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்கும் பள்ளி லாபம் பார்க்கக் கூடாது. படிப்படியாகப் பெற்றோரிடம் கட்டணம் வாங்குவதை நிறுத்த வேண்டும். பிள்ளைகளை வடிகட்டக் கூடாது. பெற்றோர் தாங்கள் விரும்பும் பள்ளிகளை வரிசைப்படுத்தி இணையத்தில் பதிவார்கள். விண்ணப்பங்கள் மிஞ்சினால் கணினி குலுக்கல் போடும். எந்தப் பள்ளி நிர்வாகியும் எந்தப் பிள்ளையின் முகத்தையும் பார்த்து முடிவெடுக்க முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது, சிலி பெற்றோரின் தேர்வுரிமையைப் பறிக்கவில்லை. பள்ளியின் தேர்வுரிமையைப் பறித்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க அந்த நாட்டுக்கு முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

நம் சட்டம் இந்த விஷயத்தில் சிலியைவிட முந்திக்கொண்டது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். நன்கொடை வாங்குவதையும், சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டுவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு 2009-லேயே தடை செய்துவிட்டது. ஆனால் சென்னையிலோ கோவையிலோ பெயர் பெற்ற பள்ளி ஒன்றில் எல்கேஜி சேர்க்கைக்குப் போய் வந்த யாரைக் கேட்டாலும், அப்பா என்ன வேலை, அம்மா என்ன படித்திருக்கிறார், வீட்டில் ஆங்கிலம் பேசுவார்களா என்ற கேள்விகளைச் சொல்வார்கள். ‘சும்மா ஒரு அறிமுகம்தான்’ என்று அதற்குப் பெயர். தடை ஏட்டில் இருக்கிறது, மேற்பார்வை இல்லை.

அரசுப் பள்ளியை ஏன் விடுகிறார்கள்

அரசுப் பள்ளி ஆதரவாளர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. நானும் அவர்கள் பக்கத்தில் நிற்பவன்தான் என்பதால் உரிமையோடு சொல்கிறேன். தனியார் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரை ‘ஆங்கில மோகம் பிடித்தவர்கள்’ என்று திட்டுவதை நிறுத்த வேண்டும். கடன் வாங்கி வேன் ஃபீஸ் கட்டுகிற தாய்க்கு மோகம் எதுவும் இல்லை. அவர் கண்ணால் பார்த்ததை வைத்து முடிவெடுக்கிறார்.

அவர் பார்ப்பது என்ன? ஊர் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் தலைமையாசிரியர். வட்டார வள மையத்தில் கூட்டம் என்று அவர் போய்விட்டால் மீதமுள்ளவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைக்கிறார். முதல் வகுப்பு ‘அம்மா, ஆடு’ எழுதிக்கொண்டிருக்க, ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்கு நடக்கிறது. இடையில் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகைப் பதிவு, காலை உணவுக் கணக்கு. இது விதிமீறல் இல்லை. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. அந்த ஆசிரியர்கள் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள், பலர் அர்ப்பணிப்போடு உழைப்பவர்கள். ஆனால் ஐந்து வகுப்புக்கு இருவர் என்பது அந்தத் தாய்க்குப் புரிகிற கணக்கு. பக்கத்து நர்சரி பள்ளியில் வகுப்புக்கு ஒரு மிஸ் இருக்கிறார். அவர் ஜவுளிக்கடைச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார் என்பதும், பயிற்சி பெறாதவராக இருக்கலாம் என்பதும் தாய்க்குத் தெரியாமல் இல்லை. ‘கிளாசுக்கு ஒரு டீச்சர் இருக்காங்கல்ல’ என்பதுதான் அவர் பதில்.

அதைவிட முக்கியமான காரணம் வயது. தனியார் பள்ளி மூன்று வயதில் பிள்ளையை அழைக்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளியின் கதவு ஐந்து வயதில்தான் திறக்கிறது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகள் அங்கன்வாடி இருக்கிறது. ஆனால் பெற்றோர் அதைப் பள்ளியாகப் பார்ப்பதில்லை. ஒரு பிள்ளை எல்கேஜி, யுகேஜி முடித்து, நண்பர்களும் வேன் அண்ணனும் பழகிப்போன பிறகு, ஒன்றாம் வகுப்புக்கு அரசுப் பள்ளிக்கு மாற்ற எத்தனை பேர் துணிவார்கள்? போட்டி தொடங்கும் முன்பே அரசுப் பள்ளி தோற்றுவிடுகிறது. 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். மாநிலத்தில் 37,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் இருக்கும்போது அது ஒரு தொடக்கம் மட்டுமே. அந்தத் தொடக்கம் அப்படியே நிற்கிறது என்பதுதான் என் கோபம்.

அரசு கொடுக்கும் மற்ற ஊக்கங்கள் எல்லாம் மேல் வகுப்புகளுக்கானவை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்த கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல். இவற்றால் ஆறாம் வகுப்பில் பிள்ளையை அரசுப் பள்ளிக்கு மாற்றும் பெற்றோர் இருக்கிறார்கள். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம்தான் சிறு பிள்ளைகளின் தாய்மார்களிடம் நேராகப் போய்ச் சேர்ந்தது. காலையில் மில் வேலைக்கு ஓடும் பெண்ணுக்கு அது என்ன நிம்மதி என்பதை அவர்களிடம் கேட்டால் தெரியும்.

சொல்லக் கூச்சப்படும் இன்னொரு காரணமும் இருக்கிறது. பல ஊர்களில் தொடக்கப் பள்ளியில் மிஞ்சியிருப்பவர்கள் பட்டியல் சாதிப் பிள்ளைகள் மட்டுமே. மற்றவர்கள் வேன் ஏறிப் போய்விட்டார்கள். காலை உணவைப் பட்டியல் சாதிப் பெண் சமைத்ததால் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்த பெற்றோரை 2023-இல் செய்திகளில் பார்த்தோம். அங்கே அவர்கள் தடுத்தார்கள். மற்ற இடங்களில் சத்தமில்லாமல் பள்ளியை மாற்றிக்கொள்கிறார்கள். எல்லா வகுப்பினரின் பிள்ளைகளும் வீட்டருகில் உள்ள ஒரே பள்ளியில் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்று 1966-இல் கோத்தாரி ஆணையம் பரிந்துரைத்தது. அந்தப் பொதுப்பள்ளி முறையை எந்த அரசும் கையில் எடுக்கவில்லை. பெற்றோரின் தேர்வுரிமை என்ற பெயரில் சாதிப் பிரிவினைக்கு ஒரு பின்வாசல் திறந்திருப்பதை நாம் பேசியே ஆக வேண்டும்.

பணம் கொடுத்தால் படிப்பு வருமா

நம் பக்கத்து மாநிலத்திலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒருங்கிணைந்த ஆந்திரத்தின் ஐந்து மாவட்டங்களில் 180 கிராமங்களை எடுத்துக்கொண்டு, கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 2008 முதல் நான்கு ஆண்டுகள் ஓர் ஆய்வு நடத்தினார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் குலுக்கல் முறையில் சிலருக்குத் தனியார் பள்ளியில் படிக்க வவுச்சர். நான்கு ஆண்டு முடிவில் தெலுங்கிலும் கணக்கிலும் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. தனியார் பள்ளிகள் அந்த இரண்டு பாடங்களுக்கும் குறைந்த நேரமே ஒதுக்கி, மிச்ச நேரத்தில் ஆங்கிலம், இந்தி போன்றவற்றை நடத்தின. இந்தியில் அந்தப் பிள்ளைகள் நன்றாகவே செய்தார்கள். தனியார் பள்ளிக்கு ஆன செலவு அரசுப் பள்ளியின் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அரசுப் பள்ளியிலேயே தங்கிவிட்ட மற்ற பிள்ளைகளுக்குப் பாதிப்பும் தெரியவில்லை.

வவுச்சர் ஆதரவாளர்கள் ‘குறைந்த செலவில் அதே படிப்பு’ என்று இதைக் காட்டுகிறார்கள். எதிர்ப்பாளர்கள் ‘தனியாரில் கூடுதலாக ஒன்றும் இல்லை’ என்று காட்டுகிறார்கள். அந்தச் சிக்கனம் எங்கிருந்து வருகிறது என்பதை நான் பார்க்கிறேன்: பெரும்பாலும் ஆசிரியரின் சம்பளத்திலிருந்து. ஓர் இளம் பெண்ணின் உழைப்பை அடிமாட்டு விலைக்கு வாங்கி மிச்சம் பிடிப்பதை அரசு தன் கொள்கையாக எடுத்துக்கொள்ள முடியாது.

வேறொரு ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமானது. டெல்லியின் பணக்காரத் தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகள் சேர்ந்த பிறகு, கூடப் படித்த பணக்காரப் பிள்ளைகளிடம் என்ன மாறியது என்று கௌதம் ராவ் ஆராய்ந்தார். ஆங்கில மதிப்பெண்ணில் சிறு சரிவு. கணக்கிலும் இந்தியிலும் பாதிப்பில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் பிறருக்கு உதவுவதில் முன்னே வந்தார்கள். ஏழைப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடத் தயங்குவது குறைந்தது. 25 சதவீதத்துக்கு இதைவிட நல்ல வாதம் எனக்குத் தெரியாது.

குலுக்கலும் அதற்குப் பிறகும்

சிறு நகரமொன்றின் மெட்ரிக் பள்ளியில் நடந்த குலுக்கல் ஒன்றுக்குப் போயிருந்தேன். இடங்களைவிட விண்ணப்பங்கள் நான்கு மடங்கு. சட்டப்படி ஆதரவற்ற பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள், தூய்மைப் பணியாளரின் பிள்ளைகள் போன்றோருக்குக் குலுக்கல் இல்லாமலே இடம் கொடுத்துவிட்டு, மீதிக்கு எண்கள் எழுதிய துண்டுச் சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டார்கள். யுகேஜி பிள்ளை ஒன்று சீட்டை எடுக்க, கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவர் எண்ணை வாசித்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் கூட்டத்தில் ஒரு மூலையில் மட்டும் சத்தம். ஜவுளிக்கடைச் சீருடைப் புடவையில் வந்திருந்த பெண்ணின் எண் காத்திருப்போர் பட்டியலில் வந்தது.

“சார், வெயிட்டிங் லிஸ்ட்ல ரெண்டுன்னா கிடைச்சிருமா?”

“யாராவது சேராம விட்டா கூப்பிடுவோம்மா. போனை மட்டும் ஆஃப் பண்ணி வெச்சிராதீங்க.”

கடைக்கு அரை நாள் பர்மிஷன் போட்டு வந்திருந்தார். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வேகமாகக் கிளம்பிவிட்டார்.

இடம் கிடைத்தவர்களுக்குக் கதை அங்கே தொடங்குகிறது. கல்விக் கட்டணம் இல்லை, சரி. புத்தகம், நோட்டு, சீருடை, ஷூ, ஸ்மார்ட் கிளாஸ், ஆண்டு விழா என்று பில் வருகிறது. இந்தப் பிள்ளைகளின் சீருடை, புத்தகச் செலவையும் அரசே ஏற்க வேண்டும் என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பள்ளிகள், ‘அரசு தர வேண்டிய பணமே வருடக்கணக்கில் நிலுவை, நாங்கள் எங்கே போவோம்’ என்கின்றன. அதில் உண்மை இருக்கிறது. சிறு பள்ளிகளுக்கு அது பெரிய அடி. ஆனால் பாக்கி வைத்தது அரசு, அதற்காகக் கேட்கப்படுவது பிள்ளை. சில பள்ளிகளில் இந்தப் பிள்ளைகளைத் தனிப் பிரிவாக உட்கார வைக்கிறார்கள் என்ற புகாரும் திரும்பத் திரும்ப எழுகிறது. அப்படிச் செய்தால் டெல்லி ஆய்வு காட்டிய நன்மையும் போய்விடுகிறது.

எட்டாம் வகுப்போடு சட்டம் முடிந்துவிடுகிறது. 2013-14-இல் எல்கேஜி சேர்ந்த பிள்ளைகள் 2022-23-இல் எட்டாம் வகுப்பை முடித்தார்கள். அடுத்த ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்கு முழுக் கட்டணம். பத்து ஆண்டுகள் அதே வகுப்பறையில் இருந்த பிள்ளை, பதினான்கு வயதில், தன்னைத் தவிர நண்பர்கள் எல்லோரும் அங்கேயே படிக்க, டிசி வாங்கிக்கொண்டு வெளியே வருகிறது. 7.5 சதவீத ஒதுக்கீட்டுச் சட்டம் இவர்களையும் நினைத்துப் பார்த்தது. எட்டு வரை இந்த இடத்தில் படித்து, பிறகு அரசுப் பள்ளியில் படித்தவர்களும் அந்தச் சலுகையைப் பெறலாம். திரும்பி வரும் வழி ஒன்று இருக்கிறது என்பது ஆறுதல். பல பெற்றோருக்கு அது தெரியவே தெரியாது என்பது வேதனை.

ஏழைக்கு மட்டும் அருகாமைப் பள்ளியா

கர்நாடகம் 2019-இல் ஒரு விதி கொண்டுவந்தது: பக்கத்தில் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால், அந்தப் பகுதியில் தனியார் பள்ளியில் இலவச இடம் கிடையாது. மகாராஷ்டிரமும் 2024-இல் அதையே செய்யப் பார்த்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த விதியைத் தூக்கி எறிந்தது. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. தமிழகத்திலும் இந்த யோசனையை முற்போக்கு நண்பர்கள் பலர் ஆதரிக்கிறார்கள். ‘தனியாருக்குக் கொட்டும் பணத்தை அரசுப் பள்ளிக்குப் போடு’ என்ற வாதத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது.

ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். அருகாமைப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் ஏழைக்கு மட்டும் விழுகிறது. அந்தக் கோப்பில் கையெழுத்திடும் அதிகாரியின் பிள்ளை அந்தப் பள்ளியில் இல்லை. அதை ஆதரித்துப் பேசுகிறவரின் பிள்ளையும் பெரும்பாலும் இல்லை. அரசு ஊழியர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று 2015-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது நாடே வியந்தது. பிறகு அதைச் செயல்படுத்த யாரும் முன்வரவில்லை. எல்லோருக்கும் பொதுப்பள்ளி என்றால் நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன். அது வராதவரை, அந்த ஜவுளிக்கடைப் பெண்ணிடம் ‘கொள்கைக்காக நீ மட்டும் பொறுத்துக்கொள்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மறுபுறம், எல்லோருக்கும் வவுச்சர் கொடுத்துவிட்டால் சந்தை பார்த்துக்கொள்ளும் என்பவர்கள் ஸ்வீடனையும் பார்க்க வேண்டும். 1992 முதல் அங்கே லாப நோக்குள்ள பள்ளிகளுக்கும் அரசுப் பணம். 2013-இல் ஜேபி எஜுகேஷன் என்ற பெரிய பள்ளி நிறுவனம் நொடித்துப்போய், ஏறக்குறைய பத்தாயிரம் மாணவர்கள் நடுவழியில் நின்றார்கள். கடை மூடினால் வேறு கடைக்குப் போகலாம். பத்தாம் வகுப்பை மறுபடி படிக்க முடியாது.

கொரோனா காலத்தில் நம் ஊரிலேயே பார்த்தோம். வேலை போனவர்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளுக்கு மாற்றினார்கள். கட்டணப் பாக்கிக்காக டிசி தர மறுத்த பள்ளிகள் ஏராளம். டிசி கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நெருக்கடியில் எந்தக் கேள்வியும் கேட்காமல், எந்தக் காகிதமும் கேட்காமல் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டது ஊர் அரசுப் பள்ளிதான். மற்ற எல்லாப் பள்ளிகளும் பிள்ளையைத் தேர்ந்தெடுக்கலாம். அரசுப் பள்ளி மட்டும் வந்த பிள்ளையை எல்லாம் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பள்ளி பலவீனமாக இருக்கும்போது மற்ற எல்லாத் தேர்வுகளும் வெறும் ஓட்டம்தான்.

ஆகவே செய்ய வேண்டியது இரண்டு பக்கத்திலும் இருக்கிறது. ஒவ்வொரு அரசுத் தொடக்கப் பள்ளியிலும் எல்கேஜி வகுப்பும், அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியரும் வேண்டும். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும்; பிள்ளைகள் குறைவு என்று சொல்லி ஆசிரியரைக் குறைப்பதும், ஆசிரியர் குறைவு என்று பிள்ளைகள் போவதும் ஒன்றை ஒன்று தின்றுகொண்டிருக்கின்றன; முதலில் நிறுத்த வேண்டியது அரசு. 25 சதவீத இடங்களுக்கு, பள்ளி வளாகத்தில் வாளிக் குலுக்கல் வைப்பதற்குப் பதிலாக, சிலியைப் போல மாநிலம் முழுவதற்கும் ஒரே கணினிக் குலுக்கல் வைத்து, முடிவுகளைப் பள்ளிவாரியாக வெளியிடலாம். வருமான வரம்பை எல்லாச் சாதியினருக்கும் பொதுவாக்கி, மிக ஏழைக் குடும்பங்களுக்கு முன்னுரிமை தரலாம். பள்ளிகளுக்குத் தர வேண்டிய பணத்தை அந்தந்த ஆண்டே கொடுக்க வேண்டும். ஒன்றிய அரசின் பங்கு தாமதமானால் மாநிலம் முன்பணம் போட்டுவிட்டுப் பிறகு சண்டை போடட்டும். அந்தச் சண்டையில் தமிழகத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். அதைப் பிள்ளைகளை நடுவில் நிறுத்தாமல் போட முடியும்.

ஒன்பதாம் வகுப்பு விஷயம் இன்னும் அவசரம். எட்டு வரை படித்த பிள்ளை விரும்பினால் அதே பள்ளியில் பன்னிரண்டு வரை தொடர, தமிழக அரசு தன் சொந்த நிதியில் ஓர் ஆணை போடலாம். அதற்கு டெல்லியின் அனுமதி எதுவும் தேவையில்லை. தொடர விரும்பாத பிள்ளைக்கு, எட்டாம் வகுப்பு ஆண்டுத் தேர்வுக்கு முன்பே, அருகில் எந்த அரசு மேல்நிலைப் பள்ளியில் எந்தப் பாடப் பிரிவு இருக்கிறது, என்னென்ன சலுகைகள் உண்டு என்று வீட்டுக்கு ஒரு கடிதம் போகட்டும். அந்தப் பிள்ளைகளின் பெயரும் முகவரியும் எமிஸ் பதிவில் ஏற்கெனவே இருக்கின்றன.